பழைய முடிவுகளும் புதிய பந்தயமும்



புதன், சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்களும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பல வீடுகளில் ஒரு தனி எதிர்பார்ப்போடு கழிகின்றன. அவை 'நாலு நம்பர்' குலுக்கல் நாட்கள். மாலையில் முடிவு வெளியானதும், வந்த எண்களை ஆசையோடு பார்ப்போர் ஒரு வகை. பார்ப்பதோடு நில்லாமல், அவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள் வாரியாக எழுதி வைத்து, எந்த எண் எத்தனை முறை வந்தது, எந்த எண் நெடுநாளாக வரவில்லை என்று கணக்குப் பார்ப்போர் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையினரைப் பற்றித்தான் இன்றைய உரையில் நாம் சிந்திக்கப் போகிறோம்.

நமக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, பிறகு பட்டணத்துக்கு வந்து லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு அலமாரியில் ஒன்பது நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. பல ஆண்டுகளின் குலுக்கல் முடிவுகள் சிவப்பு மையிலும் நீல மையிலும் அவற்றில் எழுதப்பட்டிருக்கின்றன. கனவில் கண்டதையும், விபத்துக்குள்ளான வண்டியின் எண்ணையும் நம்பிப் பணம் கட்டுகிறவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வரும். "தம்பி, அது மூடநம்பிக்கை. நான் செய்யறது கணக்கு," என்பார்.

ஒரு நாள் அவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "குலுக்கல் நேர்மையா நடந்தா பழைய முடிவுல ஒண்ணும் இல்லைன்னு படிச்சவங்க சொல்றாங்க. சரி, ஒத்துக்கிறேன். ஆனா எல்லாம் நேர்மையா நடக்குதுன்னு யாரு கண்டா? இயந்திரம் கொஞ்சம் கோணலா இருக்கலாம். மனுஷன் கோணலா இருக்கலாம். அப்படி இருந்தா அதோட தடம் என் நோட்டுல விழாம போயிடுமா தம்பி?"

நேயர்களே, இது எளிதில் தள்ளிவிடக் கூடிய கேள்வி அன்று. நல்ல கேள்வி. அதற்கு நிதானமாக விடை காண்பதே முறை.

ஆட்டம் என்பது மூன்று விதமாக இருக்கலாம். முதலாவது, நேர்மையான ஆட்டம். இரண்டாவது, யாரும் ஏமாற்றாவிட்டாலும் கருவியில் குறையுள்ள ஆட்டம். மூன்றாவது, மனிதர் வேண்டுமென்றே ஏமாற்றும் ஆட்டம். இம்மூன்றிலும் நோட்டுப் புத்தகம் என்ன பயன் தரும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் நேர்மையான ஆட்டம்.

ஐரோப்பாவில் மொனாக்கோ என்ற சின்னஞ்சிறு நாட்டில் மாண்டி கார்லோ என்னும் இடம் சூதாட்டத்துக்குப் பெயர் பெற்றது. அங்கே ரூலெட் என்ற சுழல் சக்கர ஆட்டத்தில் 37 குழிகள் உண்டு. 18 சிவப்பு, 18 கறுப்பு, ஒன்று பூஜ்யம். 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 18ஆம் நாள் இரவு, ஒரு மேசையில் பந்து தொடர்ந்து கறுப்பிலேயே விழத் தொடங்கியது. பத்து முறை, பதினைந்து முறை என்று அது நீண்டபோது, கூடியிருந்தவர்கள், 'இனிமேல் சிவப்பு வந்துதானே ஆக வேண்டும்' என்று எண்ணிச் சிவப்பின் மீது பணத்தைக் கொட்டினார்கள். கறுப்பு 26 முறை தொடர்ந்து வந்தது. சிவப்பை நம்பியவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள்.

26 முறை கறுப்பே வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 13 கோடியே 70 லட்சத்தில் ஒன்று. ஆனால் 25 முறை வந்துவிட்ட பிறகு, 26ஆவது முறையும் கறுப்பு வருவதற்கான வாய்ப்பு என்ன? 37இல் 18தான். பந்துக்கு நினைவு கிடையாது. சக்கரத்துக்கும் கிடையாது. நடந்ததை நினைவில் வைத்திருந்தவர்கள் மேசையைச் சுற்றி நின்ற மனிதர்கள் மட்டுமே.

'நீண்ட காலத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே' என்று சிலர் கேட்கலாம். சரியாவது உண்மை. எப்படிச் சரியாகிறது என்பதில்தான் தவறு நேர்கிறது. ஒரு நாணயத்தை 100 முறை சுண்டுகிறோம். தலை 60, பூ 40 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த 10,000 முறை சுண்டும்போது, அந்த 20 குறையை ஈடு செய்யப் பூ கூடுதலாக வர வேண்டியதில்லை. தலை 5,000, பூ 5,000 என்றே வந்தாலும், மொத்தத்தில் தலை 5,060, பூ 5,040 ஆகிறது. நூற்றுக்கு 60 என்றிருந்தது நூற்றுக்கு 50 என்ற அளவை நெருங்கிவிட்டது. பழைய குறை திருப்பிக் கொடுக்கப்படவில்லை. பெருந்தொகையில் அது கரைந்துபோயிற்று. ஆற்றில் ஒரு பிடி உப்பு கரைவது போல என்று சொல்லலாம். ஆகவே நேர்மையான ஆட்டத்தில் 'வர வேண்டிய எண்' என்று ஒன்று இல்லை.

இனி இரண்டாம் வகை. கருவியில் குறையுள்ள ஆட்டம்.

இங்கேதான் பெரியவரின் பேச்சில் நியாயம் இருக்கிறது. குறையுள்ள கருவியைக் குறிப்பெடுத்தே கண்டுபிடித்து வென்றவர் உண்டு. இங்கிலாந்தின் யார்க்ஷயர் வட்டாரத்தில் நெசவுத் தொழிலில் இருந்தவர் ஜோசப் ஜாகர். இயந்திரங்களோடு பழகியவர் என்பதால், எந்த இயந்திரமும் முற்றிலும் சமநிலையாக இராது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1880களின் தொடக்கத்தில் அவர் மாண்டி கார்லோவுக்குச் சென்று, எழுத்தர்களை அமர்த்திச் சக்கரங்களின் முடிவுகளை எல்லாம் எழுதச் செய்தார். ஒரு சக்கரத்தில் சில எண்கள் அளவுக்கு மீறி வருவது தெரிந்தது. அவற்றின் மீது பணம் கட்டிப் பெரும் பொருள் ஈட்டினார்.

அதன்பின் நடந்ததையும் கவனிக்க வேண்டும். மண்டபத்தார் சக்கரங்களை இடம் மாற்றினார்கள். பிறகு சக்கரங்களின் அமைப்பையே மாற்றினார்கள். குறை மறைந்ததும் ஜாகரின் குறிப்புகள் வெறும் காகிதங்கள் ஆயின. அவர் அந்த நிலையில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஊர் திரும்பினார். அவருடைய அறிவின் பெரும்பகுதி அந்த முடிவில்தான் இருக்கிறது எனலாம்.

ஜாகர் வென்றாரே, நாம் ஏன் வெல்லக் கூடாது? இதற்கு இரண்டு கணக்குகளைப் பார்க்க வேண்டும். ஒன்று, குறையைக் கண்டுபிடிக்க எவ்வளவு குறிப்பு வேண்டும் என்பது. மற்றொன்று, கண்டுபிடித்தாலும் அது ஆட்டத்தின் இயல்பான நட்டத்தை வெல்லுமா என்பது.

முதல் கணக்குக்கு ஒரு நல்ல சான்று உண்டு. வெல்டன் என்ற ஆங்கில விலங்கியல் அறிஞர் 12 பகடைகளை 26,306 முறை உருட்டிய முடிவுகளை 1894ஆம் ஆண்டில் தொகுத்தார். மொத்தம் 3,15,672 பகடை விழுதல்கள். அவற்றில் ஐந்தோ ஆறோ விழுந்தவை எத்தனை என்று எண்ணினார். பகடை செம்மையாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1,05,224 முறை வந்திருக்க வேண்டும். வந்ததோ 1,06,602. பகடையில் கோணல் உண்டு என்பது உறுதியாயிற்று. ஆனால் அந்தக் கோணலின் அளவு என்ன? நூற்றுக்கு 33.33 வர வேண்டியது 33.77 வந்தது. நூற்றுக்கு அரைகூட இல்லை. இவ்வளவு சிறிய கோணலை உறுதி செய்ய மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட விழுதல்கள் தேவைப்பட்டன.

ரூலெட் சக்கரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு குழியில் 37 முறைக்கு ஒரு முறை விழ வேண்டிய பந்து, 30 முறைக்கு ஒரு முறை விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். இது பெரிய குறை. 1,000 சுற்றுகளில் 27 முறை வர வேண்டியது 33 முறை வரும். ஆனால் குறையே இல்லாத சக்கரத்திலும், 37 குழிகளில் ஏதோ ஒன்று தற்செயலாகவே 1,000 சுற்றுகளில் 37, 38 முறை வந்துவிடும். ஆகவே 1,000 சுற்றுகள் போதா. ஏறத்தாழ 10,000 சுற்றுகள் வேண்டும். மணிக்கு 40 சுற்று என்றால் 250 மணி நேரம். அதுவரை சக்கரம் இடம் மாறாமல் இருக்க வேண்டும். குறிப்பெடுப்பவரைவிட மண்டபத்தாருக்கு வசதி அதிகம். தங்கள் சக்கரங்களின் முடிவுகளை அவர்களும் கணக்கு வைத்துச் சோதிக்கிறார்கள். குறையால் முதலில் நட்டப்படுபவர்கள் அவர்களே அல்லவா?

குறிப்பைப் பற்றியே ஓர் ஐயமும் எழ வேண்டும். கார்ல் பியர்சன் என்ற புகழ் பெற்ற கணித அறிஞர், மாண்டி கார்லோ ரூலெட் முடிவுகள் பத்திரிகையில் வெளிவந்ததைக் கொண்டு ஆராய்ந்து, 1894ஆம் ஆண்டில் கட்டுரை எழுதினார். நேர்மையான சக்கரத்தில் இப்படி முடிவுகள் வரவே முடியாது என்ற அளவுக்கு அவை விசித்திரமாக இருந்தன. ஆனால் கோணல் சக்கரத்தில் இல்லை, முடிவுகளைத் திரட்ட அனுப்பப்பட்டவர்கள் மேசையருகே போகாமல் தாங்களே எண்களைக் கற்பனை செய்து எழுதிவிட்டார்கள் என்று பின்னாளில் சொல்லப்படுவதுண்டு. குறிப்பு பொய்யானால், அதன் மேல் கட்டிய கணக்கு எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் பொய்யே.

இப்போது நாலு நம்பருக்கு வருவோம். 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். ஒரு குலுக்கலில் முதல் மூன்று பரிசுகள், பத்துச் சிறப்புப் பரிசுகள், பத்து ஆறுதல் பரிசுகள் என்று 23 எண்கள் வருகின்றன. வாரம் மூன்று குலுக்கல் என்றால் ஆண்டுக்கு 156 குலுக்கல்கள், 3,588 எண்கள். அப்படியானால் குறிப்பிட்ட ஓர் எண் சராசரியாக இரண்டே முக்கால் ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும். ஒரு குலுக்கல் முற்றிலும் நேர்மையாக நடந்தாலும், ஓராண்டில் ஏறத்தாழ 7,000 எண்கள் ஒரு முறைகூட வாரா. ஏறத்தாழ 60 எண்கள் மூன்று முறையோ அதற்கு மேலோ வந்துவிடும். பத்து ஆண்டுகள் பார்த்தாலும் 275 எண்களுக்கு மேல் ஒரு முறைகூட வராமலே இருக்கும். நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையால் வட்டமிடப்படும் எண்கள் இவைதாம். இவற்றில் மர்மம் எதுவும் இல்லை. பெரும் எண்ணிக்கையின் இயல்பே இது.

'முழு எண்ணைப் பார்க்க வேண்டாம், இலக்கங்களைப் பார்க்கிறேன்' என்று பெரியவர் சொல்லக் கூடும். அதையும் பார்ப்போம். ஒரு வாதத்துக்காக, நான்கு இலக்கங்களைத் தரும் நான்கு இயந்திரங்களிலும் குறை இருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம் நூற்றுக்கு 10 முறை வருவதற்குப் பதில் 11 முறை வருகிறது என்று கொள்வோம். அந்த இலக்கங்கள் எவை என்பதும் நமக்கு உறுதியாகத் தெரியும் என்று கொள்வோம். இதைவிட நல்ல வாய்ப்பு நோட்டுப் புத்தகக்காரருக்குக் கிடைக்காது. அந்த நான்கையும் சேர்த்த எண், மற்ற எண்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடிக்கடி வரும். சரியாகச் சொன்னால் 1.46 மடங்கு.

இனிப் பரிசுத் தொகை. மலேசியாவின் வழக்கமான திட்டத்தில் 'பெரிது' என்னும் பந்தயத்தில் ஒரு வெள்ளிக்கு முதல் பரிசு 2,500 வெள்ளி, இரண்டாம் பரிசு 1,000, மூன்றாம் பரிசு 500, சிறப்புப் பரிசு ஒவ்வொன்றும் 180, ஆறுதல் பரிசு ஒவ்வொன்றும் 60. எல்லாவற்றையும் கூட்டினால் 6,400 வெள்ளி. 10,000 எண்களுக்கும் ஒவ்வொரு வெள்ளி கட்டினால் திரும்பி வருவது 6,400. அதாவது ஒரு வெள்ளிக்கு 64 காசு. சிங்கப்பூரின் திட்டத்தில் இதுவே ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ 66 காசு. 64 காசை 1.46ஆல் பெருக்கினால் 94 காசு வருகிறது. இயந்திரம் நான்கும் கோணல், கோணலும் நமக்குத் தெரியும், அப்படியும் ஒரு வெள்ளி கொடுத்து 94 காசு வாங்குகிறோம்!

ரூலெட்டில் மண்டபத்தாரின் பங்கு நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. அதனால்தான் ஜாகருக்குச் சிறிய குறையே போதுமானதாக இருந்தது. நாலு நம்பரில் கழிவு நூற்றுக்கு 36. அவ்வளவு பெரிய சுவரைத் தாண்டும் அளவுக்குக் குறையுள்ள இயந்திரத்தை, நோட்டுப் புத்தகம் இல்லாமலே எல்லாரும் கண்டுகொள்வார்கள்.

இனி மூன்றாம் வகை. மனிதர் ஏமாற்றும் ஆட்டம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் நடந்த அரசு லாட்டரிக் குலுக்கலில் 666 என்ற எண் வந்தது. குலுக்கலைத் தொலைக்காட்சியில் நடத்திய அறிவிப்பாளரும் அவருடைய கூட்டாளிகளும், 4, 6 ஆகிய பந்துகளைத் தவிர மற்றப் பந்துகளுக்குள் ஊசி மூலம் வண்ணக் குழம்பைச் செலுத்திக் கனமாக்கியிருந்தார்கள். காற்றில் மேலெழக் கூடியவை நாலும் ஆறும் மட்டுமே. ஆகவே வரக் கூடிய எண்கள் எட்டே எட்டு. அந்த எட்டையும் கூட்டாளிகள் வாங்கி வைத்திருந்தார்கள்.

அந்த நாளுக்கு முன்பு பல ஆண்டுகளின் முடிவுகளை ஒருவர் எழுதி வைத்திருந்தார் என்று கொள்வோம். அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? ஒன்றும் தெரிந்திராது. மோசடி அந்த ஓர் இரவுக்கு உரியது. அதற்கு முந்திய நாட்களில் அதன் தடம் இல்லை. அந்த மோசடி வெளிப்பட்டதும் பழைய முடிவுகளால் அன்று. குறிப்பிட்ட சில எண்களில் மட்டும் பணம் குவிந்ததால் எழுந்த ஐயமே விசாரணைக்கு வழி வகுத்தது.

அண்மைக் காலத்திலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. அமெரிக்காவில் பல மாநில லாட்டரிகளுக்குப் பொதுவான சங்கம் ஒன்றில், கணினிப் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த அதிகாரியே, எண்களைத் தேர்ந்தெடுக்கும் கணினியில் ஒரு கள்ளக் கட்டளையைப் புகுத்தினார். ஆண்டில் குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும் அது வேலை செய்யும். மற்ற நாட்களில் கணினி ஒழுங்காகவே நடந்துகொள்ளும். 2010ஆம் ஆண்டு டிசம்பரில் ஐயோவா மாநிலத்தில் விற்ற ஒரு சீட்டின் மூலம் விசாரணை தொடங்கி, 2015ஆம் ஆண்டில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. 2017ஆம் ஆண்டில் அவர் தம் குற்றங்களை ஒப்புக்கொண்டு நீண்ட சிறைத் தண்டனை பெற்றார். நூற்றுக்கணக்கான ஒழுங்கான முடிவுகளுக்கு நடுவே ஒளிந்திருந்த அந்தச் சில நாட்களை எந்த நோட்டுப் புத்தகம் காட்டியிருக்கும்?

நம் வட்டாரத்திலும் ஒரு பாடம் உண்டு. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் 'சாப் ஜி கீ' என்ற 12 எண் கள்ளச் சூதாட்டம் பல்லாண்டுகள் பரவியிருந்ததை முதியவர்கள் அறிவார்கள். இத்தகைய ஆட்டத்தில், எந்த எண்ணில் எவ்வளவு பணம் விழுந்திருக்கிறது என்று நடத்துநருக்குத் தெரியும். வெல்லும் எண்ணை எடுப்பதும் அவர் கையில். குறைந்த பணம் விழுந்த எண்ணை எடுக்க அவருக்கு என்ன தடை? இப்போது எண்ணிப் பாருங்கள். நெடுநாளாக வராத எண் என்று பலரும் ஒரே எண்ணில் பணம் கட்டினால், அந்த எண்ணை அவர் எடுப்பாரா? ஒருநாளும் எடுக்க மாட்டார். ஏமாற்றுபவர் நம் நோட்டுப் புத்தகத்துக்கு எதிராகவே ஆடுகிறார். அங்கே பழைய முடிவுகள் உதவாமல் போவதோடு நில்லாமல் நம்மைக் கெடுக்கவும் செய்கின்றன. ஒழுங்குமுறை இல்லாத கள்ள நம்பருக்கும், வெளிநாட்டிலிருந்து இணையத்தின் வழி நடக்கும் உரிமமற்ற ஆட்டங்களுக்கும் இது பொருந்தும்.

மகாபாரதத்தில் தருமன் சூதாடிய கதை நாம் அறிந்ததே. சகுனி உருட்டும் ஒவ்வொரு முறையும் தருமன் தோற்றான். செல்வம் போயிற்று, நாடு போயிற்று, தம்பியர் போயினர். அவனிடமும் பழைய முடிவுகள் இருந்தன. அவை அத்தனையும் ஒரே செய்தியைத்தான் சொல்லின. 'எழுந்து போ' என்பதே அந்தச் செய்தி. அடுத்த முறை எப்படி ஆடுவது என்று அவன் யோசித்தான். ஆட்டம் கோணல் என்று ஐயம் எழுந்துவிட்டால், கோணலுக்கு ஏற்றபடி பந்தயம் கட்டுவது அறிவன்று, விலகுவதே அறிவு என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

ஆகவே, நேயர்களே, மூன்று வகைகளையும் சேர்த்துப் பார்த்தால் கிடைப்பது இது. நேர்மையான ஆட்டத்தில் எந்த எண்ணும் எந்த எண்ணுக்கும் மேலானது அன்று. கருவி கோணலானால், அடிக்கடி வந்த எண்ணுக்குச் சிறிது மேன்மை இருக்கலாம், வராத எண்ணுக்கு இல்லை. மனிதர் கோணலானால், பலரும் நம்பிக் கட்டும் எண்ணே ஒதுக்கப்படும். 'நெடுநாள் வராத எண்' என்பதற்கு இந்த மூன்றில் ஒன்றிலும் இடம் கிடையாது. ஆனால் நோட்டுப் புத்தகம் வைத்திருப்போரில் பெரும்பாலோர் தேடுவது அந்த எண்ணைத்தான்.

'அப்படியானால் எனக்கு எண் அடித்திருக்கிறதே' என்பார் பெரியவர். உண்மைதான். அவர் ஒரு குலுக்கலுக்குப் பத்து எண்கள், எண்ணுக்கு ஒரு வெள்ளி வீதம் கட்டுகிறவர். ஆண்டுக்கு 1,560 பந்தயங்கள் ஆகின்றன. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும், ஆண்டுக்கு மூன்று நான்கு முறை ஏதாவது ஒரு பரிசு விழும். ஆறரை ஆண்டுக்கு ஒரு முறை சராசரியாக முதல் பரிசே விழும். அப்படி விழும்போதெல்லாம் 'கணக்குப் பலித்தது' என்று தோன்றும். விழாத 1,556 முறையும் 'இன்னும் கொஞ்சம் நுட்பமாகப் பார்த்திருக்க வேண்டும்' என்று தோன்றும். வெற்றி நோட்டுப் புத்தகத்தின் கணக்கில் சேர்கிறது. தோல்வி நம் கவனக் குறைவின் கணக்கில் சேர்கிறது.

இருபது ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். கட்டியது 31,200 வெள்ளி. ஒரு வெள்ளிக்கு 64 காசு வீதம் திரும்பி வந்திருக்கக் கூடியது 19,968 வெள்ளி. இடையில் மூன்று முறை முதல் பரிசும் அடித்திருக்கும். அப்படி அடித்தும் போனது 11,232 வெள்ளி. இந்தக் கணக்கை நாம் காகிதத்தில் எழுதிப் பெரியவரிடம் காட்டினோம்.

அவர் அதை நெடுநேரம் பார்த்தார். "நான் இவ்வளவு கட்டியிருக்க மாட்டேனே தம்பி," என்றார். ஒன்பது நோட்டுப் புத்தகங்களிலும் வந்த எண்கள் எல்லாம் இருந்தன. தாம் கட்டிய தொகை மட்டும் ஓரிடத்திலும் எழுதப்படவில்லை. அப்போது அவர் மனைவி உள்ளே சென்று ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அதனுள்ளே அடகுக் கடைச் சீட்டுகள், ஆண்டு வாரியாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டப்பட்டிருந்தன. "ஒங்க தம்பி கணக்கு கொஞ்சம் கம்மியாத்தான் இருக்குங்க," என்று மட்டும் அந்த அம்மையார் சொன்னார். பெரியவர் பதில் பேசவில்லை.

அந்த வீட்டில் இரண்டு பதிவேடுகள் இருந்தன என்பதை நாம் அன்றுதான் உணர்ந்தோம். ஒன்று குலுக்கலின் கடந்த காலத்தைச் சொன்னது. மற்றொன்று குடும்பத்தின் கடந்த காலத்தைச் சொன்னது. வருங்காலத்தை முன்னறிந்து சொல்லும் ஆற்றல் முதல் ஏட்டுக்கு இல்லை. இரண்டாவது ஏட்டுக்கு உண்டு. இதே வழியில் போனால் அடுத்த ஆண்டு என்ன ஆகும் என்பதை அது தவறாமல் சொல்லிவிடும்.

பழைய முடிவுகளை எழுதி வைக்கும் பழக்கத்தில் குற்றம் இல்லை. பொறுமையும் ஒழுங்கும் உள்ளவர்களே அதைச் செய்ய முடியும். அந்தப் பொறுமையைச் சிறிது திருப்பிவிட்டால் போதும். ஒவ்வொரு குலுக்கல் நாளிலும் எவ்வளவு கட்டினோம், எவ்வளவு வந்தது என்று இரண்டே பத்திகளில் எழுதி, மாத முடிவில் கூட்டிப் பாருங்கள். அந்த ஏட்டை வீட்டில் உள்ளவர்களும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். ஒரு பந்தயத்தைக் கட்டுவதற்கு முன், இந்த ஆட்டம் நேர்மையானது என்று நம்புகிறோமா, இல்லையா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். நேர்மையானது என்றால் பழைய முடிவில் பயன் இல்லை. நேர்மையற்றது என்றால் அங்கே நமக்கு வேலை இல்லை.

பழக்கம் கை மீறிப் போய்விட்டதென்று உணர்வோர், தனியே அதனோடு போராட வேண்டியதில்லை. சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட சூதாட்டப் பிரச்சினைத் தேசிய மன்றம் இதற்கென்றே இருக்கிறது. ஒருவர் தம்மைத் தாமே சூதாட்ட மண்டபங்களிலிருந்து விலக்கிக்கொள்ளவும், குடும்பத்தினர் அவருக்காக விலக்கு ஆணை கோரவும் அங்கே வழி உண்டு. எங்கிருந்தாலும், குடும்பத்தாரிடம் தொகையை மறைக்காமல் சொல்வது முதற்படி. வள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தது, இது இன்றைய சிக்கல் மட்டும் அன்று என்பதைக் காட்டுகிறது.

சென்ற மாதம் அந்தப் பெரியவரை மீண்டும் கண்டோம். பழக்கத்தை அவர் அடியோடு விட்டுவிட்டார் என்று சொல்வதற்கில்லை. குலுக்கலுக்குப் பத்து எண் என்றிருந்தது இரண்டு எண்ணாகக் குறைந்திருக்கிறது. பத்தாவது நோட்டுப் புத்தகம் ஒன்று தொடங்கியிருக்கிறார். அதில் வந்த எண்கள் இல்லை. கட்டியது, வந்தது என்று இரண்டு பத்திகள் மட்டும் இருக்கின்றன. கூட்டல் போடுபவர் அவர் மனைவி.